செம்பு, ராட்டினம், அடிபம்பு: வடிவமைப்பு சிக்கலைத் தீர்க்கிறதா?

வடிவமைப்பு என்பது, ஒரு பொருளோ இடமோ சேவையோ எதற்குப் பயன்படப் போகிறது என்பதை முன்வைத்து, அதன் உருவத்தையும் உள்ளமைப்பையும் திட்டமிடும் செயலாகும். உட்காரும் நாற்காலி, நிரப்பித் தரும் விண்ணப்பப் படிவம், தெருமுனைக் குடிநீர்க் குழாய் ஆகிய எல்லாமே யாரோ முன்கூட்டி யோசித்து முடிவு செய்த வடிவங்கள்தாம். வடிவமைப்பைப் பாடமாகப் படிக்க வரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே ஒரு வரையறையைக் கேட்கிறார்கள்: வடிவமைப்பு என்றால் சிக்கல் தீர்த்தல். சுருக்கமாகவும் நினைவில் நிற்கும்படியும் இருப்பதால் இது விளம்பரங்களிலும் பரிசளிப்பு விழாக்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இந்த வரையறைக்குள் இரண்டு கேள்விகள் மறைந்துள்ளன. வடிவமைப்பாளருக்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. பொருள் நன்றாக அமைந்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒருவர் எதைப் பார்த்துத் தூண்டுதல் பெறுகிறாரோ அதைப் பொறுத்தே எதைச் சிக்கல் என்று எடுத்துக்கொள்கிறார் என்பது அமைகிறது. குடிநீரோடு தொடர்புடைய சில வடிவமைப்புகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இரு கருத்துகளும் ஒரு குறளும்

வடிவமைப்பைச் சிக்கல் தீர்க்கும் அறிவாக விளக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1969-இல் வெளிவந்த 'த சயின்சஸ் ஆஃப் தி ஆர்டிஃபிஷியல்' என்ற நூலில், இருக்கும் நிலையை விரும்பத்தக்க நிலையாக மாற்ற வழி வகுக்கும் எவரும் வடிவமைக்கிறார் என்றார். ஒரு பொருளைப் படைப்பதும் நோயாளிக்கு மருந்து எழுதுவதும் அடிப்படையில் ஒரே வகை அறிவுச் செயல் என்பது அவர் கருத்து.

இதற்கு மாறான பார்வையை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973-இல் முன்வைத்தனர். சமூகத்தின் சிக்கல்கள் கணக்குப் பாடத்தின் வினாக்களைப் போன்றவை அல்ல என்றனர் அவர்கள். இது எந்தச் சிக்கல் என்பதிலேயே மக்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கும். 'விடை கிடைத்துவிட்டது, இனி நிறுத்தலாம்' என்று சொல்லும் இடமே வராது. ஒரு தீர்வைச் செய்து பார்த்துப் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கவும் முடியாது. ஒவ்வொரு முயற்சியும் மக்கள் வாழ்வில் தடம் பதித்துவிடுகிறது.

சைமன் எடுத்தாண்ட மருத்துவ உவமையைத் தமிழ் மாணவர் கேட்டவுடன் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நினைவுக்கு வரும். அதன் கடைசிக் குறள், அதாவது 950-ஆம் குறள், மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அந்த மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர். மருந்து நான்கில் ஒன்று மட்டுமே. வடிவமைப்புக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும். பயன்படுத்துபவர், வடிவமைப்பாளர், பொருள், அந்தப் பொருளைப் பராமரித்து ஓடச் செய்பவர் என்று நால்வகையாகக் கொள்ளலாம். வடிவமைப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நின்றுவிடுகிறது. முதலாமவரும் நான்காமவரும் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு வடிவமைப்பின் வெற்றி தோல்விக்கான காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஈம்ஸ் தம்பதியரும் செம்பும்

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வடிவமைப்பின் பெரும் பெயர்கள். அவர்களுடைய ஒட்டுப்பலகை நாற்காலி இன்றும் விற்பனையாகிறது. அந்த நாற்காலிக்கு முன்னோடி ஒரு மருத்துவக் கருவி. இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களின் காலில் கட்டப்பட்ட உலோகச் சிம்பு, தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து காயத்தை மோசமாக்கியது. இதை அறிந்த ஈம்ஸ் தம்பதியர், காலின் வளைவுக்கு ஏற்ப ஒட்டுப்பலகையை வளைத்து 1942-இல் ஒரு சிம்பு செய்தனர். அமெரிக்கக் கடற்படைக்காக ஏறத்தாழ 1,50,000 சிம்புகள் செய்யப்பட்டன. பலகையை உடலுக்கேற்ப வளைக்கும் அந்தப் பயிற்சியே போர் முடிந்தபின் நாற்காலியாக உருவெடுத்தது. அழகுக்காகப் போற்றப்படும் ஒரு பொருளின் வேர் ஒரு வலியில் இருந்தது.

இந்திய அரசின் அழைப்பின் பேரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் இத்தம்பதியர் இந்தியா வந்து பல இடங்களைச் சுற்றிப் பார்த்தனர். 1958 ஏப்ரலில் அவர்கள் அளித்த 'இந்திய அறிக்கை'யின் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. பகவத் கீதையின் மேற்கோளுடன் தொடங்கும் இந்தச் சிறிய அறிக்கையில் பலருக்கும் நினைவில் நிற்கும் பகுதி லோட்டாவைப் பற்றியது. தமிழில் அதைச் செம்பு என்கிறோம். செய்யப்பட்ட உலோகத்தின் பெயரே பாத்திரத்துக்கும் ஆகிவந்தது. பேச்சில் சொம்பு.

இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே சிறந்தது இதுதான் என்று அவர்கள் வியந்தனர். வியப்போடு நிற்காமல், ஒருவர் இன்று செம்பைப் புதிதாக வடிவமைப்பதானால் எவற்றையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பட்டியலிட்டனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், அதைப் பிடிக்கும் கை ஆணுடையதா பெண்ணுடையதா, தலையில் சுமப்பதா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எந்தப் புள்ளியில் நிற்கும், ஊற்றும்போது நீர் எப்படி விழும், கழுவ எளிதா, உள்ளே இருப்பது சூடாக இருந்தால் பிடிக்க முடியுமா, மோதினால் என்ன ஓசை எழும், விலை என்ன, பழையதானபின் எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பிறகு, எந்தத் தனி மனிதரும் செம்பை வடிவமைத்துவிடவில்லை, பல தலைமுறைகளில் பலர் சிறிது சிறிதாகச் செய்த மாற்றங்களின் விளைவு அது என்கிறார்கள்.

இந்தப் பட்டியல் வடிவமைப்புக் கல்விக்கு அளித்த கொடை பெரிது. தூண்டுதல் என்பது மின்னல் போல வந்து விழும் ஒன்று என்ற எண்ணத்தை இது மாற்றுகிறது. ஒரு சாதாரணப் பாத்திரத்தைப் பயன்படுத்தும் கையைக் கூர்ந்து கவனித்தாலே போதும், கேள்விகள் தாமாக எழும். கேள்விகளே தூண்டுதல்.

ஆனால் அறிக்கையில் ஓர் இடைவெளியும் உண்டு. செம்பு திருந்தியதற்குக் காரணம் கேள்விகள் மட்டும் அல்ல. செய்தவரும் பயன்படுத்தியவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். விளிம்பு கையைக் கிழித்தால் அடுத்த சந்தையில் கன்னார் கடையில் அதைச் சொல்லிவிட முடியும். நான்கு பகுதிகளும் ஒரே தெருவில் இருந்தன எனலாம். நிறுவனத்தில் படித்து வெளிவரும் வடிவமைப்பாளருக்கு அந்தத் தெரு இல்லை. அவருடைய பொருள் எங்கோ ஒரு தொழிற்சாலையில் உருவாகி, அவர் பார்த்தே இராத ஒரு வீட்டுக்குப் போகிறது. குறை அவர் காதுக்குத் திரும்பி வர வழி என்ன என்பதற்கு அறிக்கையில் விரிவான விடை இல்லை. சிறுதொழில்களின் பொருள்தரத்தை உயர்த்துவது பற்றி ஆலோசனை சொல்வதே அதன் வேலையாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்விகள் பொருளோடு நின்றுவிடுவதும் ஒரு குறையே. தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் குடம் இதற்கு நல்ல சான்று. பித்தளைக் குடத்தின் குறுகிய கழுத்தையும் இடுப்பில் உட்காரும் வளைவையும் அப்படியே எடுத்துக்கொண்டு, எடையையும் விலையையும் மட்டும் குறைத்த வடிவம் அது. நீர் சிந்துவதில்லை, வண்ணத்தைக் கொண்டு அவரவர் குடத்தை அடையாளம் காணலாம், வரிசையில் இடம் பிடிக்கவும் உதவும். எடைக்குப் போட்டால் மட்டும் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஈம்ஸ் பட்டியலைக் கொண்டு மதிப்பிட்டால் அதிக மதிப்பெண் பெறும். ஆனாலும் குடத்தில் 12 முதல் 15 லிட்டர் நீர் இருந்தால், சுமப்பவர் இடுப்பில் 12 முதல் 15 கிலோ எடை ஏறத்தான் செய்யும். குடத்தை எவ்வளவு திருத்தினாலும், ஒரு பெண் ஏன் தினமும் இவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்தக் கேள்வி குழாய்க்கும் பம்புக்கும் கொண்டுசெல்கிறது.

ஒரு செயற்கைக் காலின் பாடம்

பம்புகளுக்குச் செல்லும் முன், பயன்படுத்துபவரைக் கவனித்ததால் பிறந்த ஒரு வடிவமைப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1960-களில் ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தி, கால் இழந்தவர்களுக்கு மேலைநாட்டு முறையிலான செயற்கைக் கால்களைப் பொருத்தி வந்தார். வீடு திரும்பியவர்களில் பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலோடு நடந்தனர். காரணம் எளிமையானது. அந்தக் கால், ஷூ அணிந்து நாற்காலியில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டது. அதைப் பொருத்திக்கொண்டு குந்தி உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்க முடியாது.

அதே மருத்துவமனையில் கைத்தொழில் கற்பித்து வந்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர், டயர் பட்டறைகளில் நடக்கும் ரப்பர் வேலையைச் செயற்கைக் காலுக்குக் கொண்டுவந்தார். 1968 வாக்கில் ஜெய்ப்பூர் கால் உருவானது. பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் இந்தக் காலுடன் மீண்டும் மேடையேறியதைத் தமிழ் மக்கள் அறிவர். சேத்திக்கு 1981-இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இந்த வடிவமைப்பின் தூண்டுதல் மூலையில் கழற்றி வைக்கப்பட்ட பழைய கால்தான். தோற்றுப்போன பொருளைக் கண்டு, அதைப் பயன்படுத்தாதவரைக் குறை சொல்லாமல், பொருளைக் குறை சொன்னதால் வழி பிறந்தது.

ராட்டினப் பம்பு

குடிநீருக்குத் திரும்புவோம். தென்னாப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலில் இருந்த ரோனி ஸ்டைவர் என்பவர், குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தை நிலத்தடி நீர்ப் பம்போடு இணைத்தார். விளம்பரத் துறையைச் சேர்ந்த டிரெவர் ஃபீல்டு 1989-இல் ஒரு வேளாண் கண்காட்சியில் அதன் மாதிரியைப் பார்த்து, அதை ஒரு திட்டமாக வளர்த்தெடுத்தார். குழந்தைகள் சுற்றச் சுற்ற நீர் மேலேறி 2,500 லிட்டர் தொட்டியில் நிறையும். தொட்டியின் நான்கு பக்கங்களிலும் பலகைகள் இருக்கும். அவற்றில் விளம்பரமும் சுகாதாரச் செய்திகளும் இடம்பெறும். விளம்பர வருமானத்தில் பராமரிப்பு நடக்கும். இதுவே பிளேபம்ப்.

இதைவிட அழகான யோசனையை எண்ணிப் பார்ப்பது கடினம். விளையாட்டு, நீர், செலவுக்கு வருமானம் மூன்றும் ஒரே பொருளில் கூடிவருகின்றன. 2000-ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. 2010-க்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்புகள் அமைப்பது இலக்கு.

சில ஆண்டுகளில் களத்திலிருந்து வேறு செய்திகள் வந்தன. வழக்கமான அடிபம்பைப் போலச் சுமார் நான்கு மடங்கு விலையுள்ள இந்த அமைப்பு பழுதானால் ஊரில் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. பல இடங்களில் விளம்பரதாரர்களே வரவில்லை. பலகைகள் வெறுமையாக நின்றன. நீர் தேவைப்படும் நேரத்தில் குழந்தைகள் பள்ளியில் இருந்தார்கள், அல்லது களைத்துப் போயிருந்தார்கள். எனவே பெண்களே, முதியவர்கள் உட்பட, குனிந்து ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. நன்றாக இயங்கிவந்த அடிபம்பை அகற்றிவிட்டு ராட்டினம் வைத்த ஊர்களும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஒரு பம்பு 2,500 பேருக்கு நீர் தரும் என்பது இலக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று கொண்டால் 37,500 லிட்டர் தேவை. ராட்டினம் சீரான வேகத்தில் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் வரும் என்று சொல்லப்பட்டது. வகுத்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 27 மணி நேரம் குழந்தைகள் இடைவிடாமல் விளையாட வேண்டும். 2009-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் இந்தக் கணக்கை வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய வகுத்தல் இது. 2010-இல் அமெரிக்காவில் இருந்த நிதிதிரட்டும் அமைப்பு தன் பணியை முடித்துக்கொண்டு, எஞ்சிய பம்புகளை வேறொரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லாத, குழந்தைகள் நிறைந்த பெரிய பள்ளிகளுக்கு ராட்டினம் பொருந்தக்கூடும். ஆகவே பொருள் முழுவதும் பயனற்றது என்பது நியாயமாகாது. தூண்டுதல் வந்த இடத்தில்தான் தவறு. சிரித்துக்கொண்டே சுற்றும் குழந்தைகளின் காட்சி தூண்டுதலாக இருந்தது. நீர் எடுக்கும் பெண்ணின் ஒரு நாள் தூண்டுதலாக இருக்கவில்லை. அந்தக் காட்சி நன்கொடையாளர்களுக்கும் பிடித்துப்போனது. நோயுற்றவரைக் கேட்காமல் மருந்து எழுதப்பட்டது. அதைக் கொடுத்துக் கவனிப்பவர் யார் என்பதும் முடிவாகவில்லை.

இந்தியா மார்க் 2

இதே குடிநீர்ச் சிக்கலுக்கு இந்தியாவில் கண்ட தீர்வு, தோற்றத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லாதது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் அதை அடிபம்பு, அடிகுழாய் என்று அறிவார்கள். அதன் பெயர் இந்தியா மார்க் 2.

1960-களின் பிற்பகுதியில் வறட்சி கடுமையானபோது, யுனிசெஃப் உதவியுடன் கடினப் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் பொருத்தப்பட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் பயன்படுத்தும் பம்புகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை அவை. இங்கோ ஒரு பம்பை நூற்றுக்கணக்கானோர் விடியற்காலை முதல் இரவு வரை அடித்தார்கள். 1970-களின் நடுவில் பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. கிணறு இருந்தது, நீர் இருந்தது. மேலே வரத்தான் வழியில்லை.

பழுதான பம்புகளுக்கு மாற்று தேடியவர்கள் எங்கோ உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடிக்க முயலவில்லை. மகாராஷ்டிரத்தில் உள்ளூர்ப் பட்டறைகளில் உருவாகி, மற்றவற்றைவிட நீண்ட நாள் உழைத்த ஜால்னா பம்பையும் சோலாப்பூர் பம்பையும் கவனித்தார்கள். சோலாப்பூர் பம்பில் ஒரு நுட்பம் இருந்தது. பழைய பம்பில் கைப்பிடி வளைந்து இறங்கும்போது, கிணற்றுக்குள் போகும் கம்பி பக்கவாட்டில் இழுபடும்; ஆணிகள் தேயும். சோலாப்பூர் பம்பில் கைப்பிடியின் முனை வில் போல வளைந்திருக்கும். அதன் மேல் சைக்கிள் சங்கிலி போன்ற ஒரு சங்கிலி படிந்து கம்பியை இழுக்கும். அதனால் கம்பி எப்போதும் நேராகவே மேலும் கீழும் போகும். அசையும் மூட்டு ஒன்றே ஒன்றுதான். அதிலும் பேரிங் இருந்தால் தேய்மானம் குறையும்.

இந்த நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப், சென்னையில் இருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு மையம், பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் ஆகியவை சேர்ந்து புதிய பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் மக்கள் அன்றாடம் பயன்படுத்த வைத்துச் சோதித்தார்கள். 1970-களின் இறுதியில் உற்பத்தி தொடங்கியது. வடிவத்துக்கு யாரும் காப்புரிமை கோரவில்லை. தகுதியுள்ள எந்தப் பட்டறையும் செய்யலாம். அதே நேரத்தில் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தரநிலை வகுக்கப்பட்டு, தயாரிப்புகள் தனியே ஆய்வு செய்யப்பட்டன. பம்பு இந்தியாவிலும் பிற நாடுகளிலும் லட்சக்கணக்கில் பரவியது.

பம்பைப் போலவே முக்கியமானது அதைச் சுற்றி அமைந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை உருவானது. ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றிய அளவில் ஒரு மெக்கானிக், மாவட்ட அளவில் வண்டியோடு ஒரு பழுதுபார்ப்புக் குழு. குறள் சொல்லும் நான்காமவருக்கு இங்கே பெயரும் பணியும் கொடுக்கப்பட்டன.

இதையும் முழு வெற்றி என்று எழுதிவிட முடியாது. ஆழத்தில் உள்ள சிலிண்டரின் தோல் வாஷர் தேய்ந்தால், அதை மாற்றக் குழாய்கள் அனைத்தையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு ஆட்களும் கருவிகளும் வண்டியும் வேண்டும். மாவட்டக் குழு வரும்வரை ஊர் காத்திருக்கும். பெண்கள் மீண்டும் பழைய கிணற்றுக்கு நடப்பார்கள். ஒரு சிறிய வாஷர் ஓர் ஊரின் நடையைத் தீர்மானித்தது. 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த களச் சோதனைகளின் பயனாகத் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. தொடர்ந்து, பெரிய குழாயின் வழியே பிஸ்டனை மட்டும் தனியே வெளியே எடுக்கக்கூடிய இந்தியா மார்க் 3 உருவானது. பழுதுபார்ப்பது எளிதானது, பெரிய குழாயால் விலை கூடியது. ஒரு தீர்வு அடுத்த சிக்கலைக் காட்டித் தந்தது. அதைக் கேட்க ஆள் இருந்ததால் அடுத்த வடிவம் பிறந்தது.

பம்பு இயங்கியும் தீராத சிக்கல்

பொருள் சரி, பராமரிப்பும் உண்டு என்றாலும் சிக்கல் வேறு உருவில் வரலாம். வங்கதேசத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-கள் முதல் பெரும் எண்ணிக்கையில் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. பம்புகள் நன்றாக இயங்கின. 1990-களில்தான் அந்த நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது தெரியவந்தது. சோதனைக்குப் பின் நஞ்சுள்ள பம்புகளுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. ஒரு டப்பா பெயிண்டும் அங்கே வடிவமைப்பாகவே செயல்பட்டது. ஆனால் சிவப்புப் பம்பின் அருகில் வசிக்கும் குடும்பம் பச்சைப் பம்பைத் தேடிப் போக வேண்டும். அதன் உரிமையாளர் அனுமதிக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு எந்தப் பம்பும் விடையாக முடியாது. அங்கே காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. அது நிதி, ஆற்றுநீர், அண்டை மாநிலம், அரசியல் எல்லாம் சேர்ந்த ஒரு முடிவு. ரிட்டலும் வெப்பரும் சொன்ன சிக்கல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

மதிப்பீடு

வடிவமைப்பு சிக்கலைத் தீர்க்கிறதா என்ற கேள்விக்கு, மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் ஒரு வரையறுத்த விடையைத் தருகின்றன. நன்கு எல்லை வகுக்கப்பட்ட சிக்கலை வடிவமைப்பு தீர்க்கிறது. கம்பி பக்கவாட்டில் இழுபடுவது அப்படிப்பட்ட சிக்கல். வில் முனையும் சங்கிலியும் அதைத் தீர்த்தன. 'கிராமத்துக்குக் குடிநீர்' என்பது அப்படிப்பட்டது அல்ல. அதில் வடிவமைப்பு ஒரு பங்கு வகிக்கிறது. அந்தப் பங்கை முழுத் தீர்வாக அறிவிக்கும்போது பணமும் கவனமும் அந்தப் பொருளிடம் குவிகின்றன. மெக்கானிக்கின் சம்பளமும் நீர்ச் சோதனையும் ஒதுங்கிவிடுகின்றன. வரையறையில் உள்ள ஆபத்து இதுதான்.

தூண்டுதல் பற்றிய கேள்விக்கும் விடை இருக்கிறது. வீரரின் வலி, கழற்றி வைத்த செயற்கைக் கால், பழுதான பம்பு ஆகியவை பயன்படுத்துபவரின் வாழ்விலிருந்து வந்த தூண்டுதல்கள். சுற்றும் ராட்டினம் யோசனையின் அழகிலிருந்து வந்தது. அழகான யோசனை தவறு என்பதில்லை. சோலாப்பூர் பம்பின் சங்கிலியும் அழகான யோசனைதான். ஆனால் அது தேய்மானம் என்ற ஒரு குறைக்கு விடையாக வந்தது, பின்னர் கிராமத்துக் கைகளில் சோதிக்கவும் பட்டது. ராட்டினத்துக்கு அந்தச் சோதனை நடப்பதற்குள் பரிசும் பணமும் வந்துவிட்டன.

பள்ளி, கல்லூரிகளில் வடிவமைப்புச் செயல்திட்டம் செய்யும் மாணவர்கள் தங்கள் அறிக்கையில் 'தீர்வு' என்ற தலைப்பை எழுதும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். பயன்படுத்துபவரிடம் அவருடைய ஒரு முழு நாளைப் பற்றிக் கேட்டறிந்தோமா? தரப்படும் எண்கள் 24 மணி நேரத்துக்குள் அடங்குகின்றனவா? பழுதானால் யார், எந்தக் கருவியால், யார் பணத்தில் சரிசெய்வார்? குறை எழுந்தால் அது யார் காதுக்கு, எத்தனை நாளில் வந்துசேரும்?

முதல் கேள்விக்கு விடை தரும் மாணவர் பலர் உண்டு. கடைசி இரண்டுக்கும் விடை எழுத முயல்பவர், தம் வரைபடத்தில் மீண்டும் கை வைக்க வேண்டியிருப்பதைக் காண்பார். தோல் வாஷரை ரப்பர் வாஷராக மாற்றியவர்கள் செய்ததும் அந்த வேலையே.